மாதாமாதம் இருநூற்றுத் தொண்ணூற்றைந்து

சம்பளம் ஏறும் நாளன்று கேன்டீன் பெண்கள் யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. கங்கைகொண்டான் தொழிற்சாலையிலிருந்து வரும் வேன் தாழையூத்து ஏடிஎம் முன்னால் நின்றதும் ஒன்பது பேரும் இறங்கி வரிசையில் நிற்பார்கள். நூறு ரூபாய்கூட மிச்சம் வைக்காமல் வழித்தெடுப்பதில் பேச்சித்தாய்தான் முதல் ஆள்.

"விட்டு வச்சா பேங்க்காரன் எலி மாதிரி கடிச்சிருவான்க்கா" என்பாள் கூட வேலை பார்க்கும் இசக்கிச்செல்வி.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஏழு மாதமாகப் பேச்சித்தாயின் கணக்கில் சம்பளம் விழுந்த கையோடு இருநூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மாதம் என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். இப்போது மகள் பிரேமலதாவுக்குப் பாலிடெக்னிக்கில் பரீட்சைப் பணம் கட்ட வேண்டும். ஆயிரத்து எழுநூறு, நாலாம் தேதி கடைசி நாள். வாடகை, அரிசி, ஃபிரிட்ஜ் தவணை என்று பிரித்து வைத்த பிறகு கையில் எதுவும் இல்லை. ஏழு தடவை போனதைக் கூட்டிப் பார்த்தாள். இரண்டாயிரத்து அறுபத்தைந்து. அதைத் திரும்ப வாங்கிவிட்டால் பிள்ளை பரீட்சை எழுதிவிடுவாள்.

இரண்டாம் தேதி அரை நாள் கூலியை விட்டுவிட்டு வங்கிக்குப் போனாள். பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரம் மூன்று தடவை புத்தகத்தைத் துப்பிவிட்டு நாலாவது தடவை ஏற்றுக்கொண்டது. முதல் கவுன்டரில் இரண்டாவதைக் கைகாட்டினார்கள். இரண்டாவதில் ஆள் இல்லை. விடியுமுன் எழுந்து மாவரைத்தவளுக்கு, நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை இழுத்துக்கொண்டு போனது. ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது கவுன்டருக்கு வந்து உட்கார்ந்த சுகிர்தா கூப்பிட்டாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண்.

அவள் வரி வரியாக விரலை ஓட்டிவிட்டு, ஐந்தாம் தேதி ஏதாவது தவணை போகிறதா என்று கேட்டாள். ஃபிரிட்ஜ் தவணை உண்டு, ஆனால் அதற்கும் பேங்குக்கும் சம்பந்தமில்லை என்றாள் பேச்சித்தாய். தெருவில் இட்லி மாவு விற்பதற்காக வாங்கியது. மாதம் ஆயிரத்து எண்ணூற்றைம்பது, பத்தாம் தேதிக்குள் வேதநாயகம் அண்ணாச்சி கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். ஒரு மாதம் தவறவில்லை. பொருள் கொடுத்தவர் கையில் பணத்தை வைத்து, அவர் எண்ணி முடிப்பதைப் பார்த்தால்தான் அவளுக்குக் கடன் கட்டிய மாதிரி இருக்கும்.

சுகிர்தா விளக்கினாள். கடன் கொடுத்தது அண்ணாச்சி இல்லை, ஒரு நிதி நிறுவனம். வாங்கிய அன்று போட்ட கையெழுத்துகளில் ஒன்று, ஐந்தாம் தேதி கணக்கிலிருந்தே தவணையை எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு. அவர்கள் கேட்கும்போது கணக்கு காலியாக இருக்கிறது. இல்லை என்று திருப்பி அனுப்பியதற்கு வங்கி போடும் தண்டம் இருநூற்றைம்பது, அதற்கு வரி நாற்பத்தைந்து. அதை எடுக்கவும் கணக்கில் காசு இல்லாததால் அடுத்த சம்பளத்தில் எடுக்கிறார்கள்.

"அப்போ நான் வழிச்சு எடுக்கதுனாலதான் வெட்டுதாவளா?"

"ஆமாக்கா. அஞ்சாம் தேதி தவணைக் காசு கணக்குல கெடந்தா வெட்ட மாட்டாங்க."

"வெட்டுதாவன்னுதானம்மா நான் எடுக்கேன்."

சுகிர்தா சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போய்த் திரும்பி வந்தாள். விதிப்படி எடுத்தது, திரும்ப வராது. நாலாம் தேதிக்குள் தவணைக் காசைப் போட்டுவிட்டால் இத்தோடு நின்றுவிடும் என்று சொல்லி, பணம் கட்டும் சீட்டை அவளே நிரப்பிக் கொடுத்தாள்.

பேச்சித்தாய் சீட்டோடு வரிசையில் நின்றாள். தவணைக் காசு தனியாகச் சுருட்டி மணிபர்சில் இருந்தது. முன்னால் நாலு பேர். இதைப் பரீட்சைக்குக் கொடுத்துவிட்டாலும், மாவு விற்ற காசைச் சேர்த்தால் பத்தாம் தேதிக்குள் ஆயிரத்து எண்ணூற்றைம்பது தேறிவிடும். ஐந்தாம் தேதிக்குள் தேறாது. வட்டிக்கு வாங்கலாம், வட்டிக்காரன் வாசலில் வந்து நின்று தெருவே கேட்கப் பேசுவான். வங்கி வாசலுக்கு வராது.

இரண்டு பேர் மிச்சமிருக்கும்போது வரிசையை விட்டு விலகிச் சுகிர்தாவிடம் வந்தாள்.

"இந்த ஒரு மாசம் போடலேன்னா, அதே இருநூத்தித் தொண்ணூத்தஞ்சுதானே? கூட வராதே?"

"பேங்குல அவ்வளவுதான்க்கா. அந்தக் கம்பெனிக்காரங்க தனியா தண்டம் போடுவாங்க."

அந்தக் கம்பெனிக்குக் கட்டத்தான் அண்ணாச்சி தவணைக்கு மேல் மாதம் ஐம்பது ஐம்பதாகக் கூட வாங்குகிறார் போல என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானமே பிரேமலதாவிடம் காசைக் கொடுத்துப் பரீட்சைப் பணத்தைக் கட்டச் சொன்னாள்.

ஐந்தாம் தேதி காலை, கேன்டீனில் சாம்பாரை இறக்கும்போது இடுப்பில் செருகியிருந்த போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள். தவணை திரும்பிப் போனதாக வங்கியின் செய்தி.

"பேங்காக்கா? வெட்டிட்டானா?" என்றாள் இசக்கிச்செல்வி.

"இன்னும் இல்ல. சம்பளம் ஏறட்டும், வெட்டுவாவ."

"தெரிஞ்சுமா விட்டுட்டு வந்த?"

"ஏட்டி, அந்தத் தட்டைத் தள்ளு" என்றாள் பேச்சித்தாய். "முத ஷிப்டு ஆளுவ வந்துட்டாவ."