மணல்மேட்டில் என் பெயரைக் கூப்பிட்டவர்

அன்று வியாழக்கிழமை. சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து ஜெனி போனில் பேசினாள். ஞானம்மா அக்காவின் தங்கை மகள். "சித்தி, பெரியம்மா போயிட்டாங்க" என்றாள். "எங்க போனாங்க?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன். அவள் அழுவது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வரும் உங்களில் பலருக்கு அக்காவைத் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு பார்த்துப் பழக்கம். எனக்கு அவரைச் சரியாகத் தெரிந்தது பாலைவனத்தில். அதை எழுதித் தரச் சொல்லி ஜெனி கேட்டாள்.

சார்ஜாவில் என் கணவர் ஸ்டோர்கீப்பராக இருந்தபோது நானும் ஆறு வருடம் அங்கே இருந்தேன். எங்கள் அறையின் ஜன்னலுக்குக் கீழே இரவு பகலாக வாகனம் ஓடும். அந்தச் சத்தத்தில் ஜெபமாலையின் எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். அக்கா அங்கே ஒரு வீட்டில் வேலை செய்தார். கோயிலில்தான் பழக்கம். சத்தமில்லாத இடத்தில் மூன்று நாள் ஜெபித்துக்கொண்டே நடப்போம் என்று எங்கள் ஜெபக்குழுவில் அக்காவோடு சேர்த்து ஐந்து பெண்கள் தீர்மானித்தோம். முதுகுப் பை, கூடாரம், ஒரு வழிகாட்டி. அக்காவின் வீட்டுக்காரர்கள் விடுமுறைக்கு வெளிநாடு போயிருந்ததால் அவரும் வந்தார். தண்ணீர்க் கணக்கு என் பொறுப்பு. யார் எந்த நேரம் எத்தனை போத்தல் குடித்தார்கள் என்று கொப்பியில் எழுதி வந்தேன்.

முதல் நாளே அக்கா எல்லோரையும் சிரிக்க வைத்தார். பையின் வார்களைத் தோளில் மாட்டாமல், சால்வையை அதில் கட்டி, கொழுந்துக் கூடை போல நெற்றியிலிருந்து தொங்கவிட்டார். "அக்கா, தோள்ல போடுங்க" என்றேன். "தோள் வலிக்கும்டி. முப்பது வருசம் சுமந்த தலை இது, அதுக்கு வேற என்ன வேலை?" என்றார். மதியத்துக்குள் நாங்கள் நாலு பேரும் தோளைத் தடவிக்கொண்டிருந்தோம். அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் காலையில் வேலைக்குப் போகுமுன் பெயர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அதையும் அக்கா மணலுக்குக் கொண்டுவந்தார். உட்கார்ந்து எழும்பும்போதெல்லாம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சுணங்கிச் சொன்னால், "ஒனக்கு இன்னைக்கு அரைப்பேருதான்!" என்பார், பாதி நாள் வேலைக்குத்தான் பெயர் விழும் என்று.

இரண்டாம் நாள் மதியம், தனியாக ஜெபிக்கலாம் என்று ஒரு மேட்டுக்கு அப்பால் போனேன். ஜெபம் முடிந்து பார்த்தால் எல்லா மேடும் ஒன்று போல இருந்தது. என் கால்தடத்தைக் காற்று மூடிவிட்டது. மலையில் பிறந்தவள் செய்வதைத்தான் நானும் செய்தேன். கீழே இறங்கினேன். நம் பக்கத்தில் பனிமூட்டத்தில் வழி தவறினால் இறங்கத்தானே செய்வோம்? ஓர் ஓடை வரும். ஓடையோடு போனால் ஆட்கள் குடியிருக்கும் ஒரு லயம் வரும். அங்கே இறங்க இறங்க மணல்தான் வந்தது. கடைசியில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து, அப்பாவிடம் விட்டுவந்த, இன்னும் பேசவே தொடங்காத என் மகளை நினைத்து அழுதேன்.

மேலே அக்கா பெரட்டு எடுத்திருக்கிறார். என் பெயருக்குப் பதில் இல்லை. "வந்துவிடுவாள்" என்று மற்றவர்கள் சொல்ல, வழிகாட்டி ஒரு பக்கம் தேடப் போக, அக்கா மறுபக்கம் புறப்பட்டுவிட்டார். இந்த மலையில் நின்று அந்த மலைக்குக் கேட்கக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது.

"லூர்தூ!"

"இருக்கேன்! அக்கா, இருக்கேன்!"

மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு வந்தவர் முதலில் முதுகில் ஓர் அடி வைத்தார். "இது என்னா ஒங்க தோட்டமா, எறங்குனா ஆறு வர்றதுக்கு? காணாமப் போனா மேட்டுல ஏறி நில்லுடி. தேடுற ஆளு கண்ணுல படணும்ல?" பிறகு தன் பங்குத் தண்ணீரை என் வாயில் வைத்தார். நீங்கள் குடியுங்கள் என்றேன். "எங்கம்மா என்னய அடமழையில பெத்துச்சு. உள்ள இன்னும் ஈரம் காயல. நீ குடி" என்றார். அந்திவரை அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு நான் பதுளை டவுனில், அவர் ஸ்பிரிங்வெளியில். ஒரு பஸ் தூரம். ஆனாலும் போனில்தான் எங்கள் உறவு. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு தடவை அடிப்பார். "லூர்து?" "இருக்கேன்." அவ்வளவு போதும் அவருக்கு. கடைசி மாதங்களில் குரல் இறங்கியிருந்தது. தடிமன், வெறும் சளி என்றார். நானும் நம்பினேன்.

கடைசி ஞாயிறன்று என் மகளைப் பெண் பார்க்க வர இருந்தார்கள். பலகாரமும் தேநீருமாக ஓடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பிறகு பார்ப்போம் என்று பிரிட்ஜின் மேல் வைத்தேன். மாலையில் எடுத்துப் பார்த்தால் அக்கா மூன்று தடவை அடித்திருந்தார். ஒரு தடவைக்கு மேல் அடிக்காதவர். நாளைக்குப் பேசலாம் என்றிருந்தேன். திங்கள், செவ்வாய், புதன் போயின.

பல மாதமாக வயிற்று வலியாம். யாரிடமும் சொல்லவில்லையாம். அடக்கத்தன்று ஜெனி சொன்னாள்: "அன்னைக்கு அவங்களாத்தான் போனைக் கேட்டு வாங்குனாங்க சித்தி. ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்னாங்க. என்னான்னு கேட்டேன், சொல்லல."

அந்த ஞாயிறு அக்கா மேட்டில் ஏறித்தான் நின்றிருக்கிறார். மூன்று தடவை. நான்தான் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆண்டவர் மன்னிப்பார் என்று பாதர் சொன்னார். மன்னிப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அக்காவிடம் கேட்கத்தான் வழியில்லை.

அந்தத் தண்ணீர்க் கொப்பி என்னிடம் இருக்கிறது. இரண்டாம் நாள் மதியம், ஞானம்மா, ஒரு போத்தல் என்று எழுதிச் சரி போட்டிருந்தேன். இப்போது அக்காவின் பெயரைக் கோடு போட்டு வெட்டி, என் பெயரை எழுதிவிட்டேன். இப்போது போன் அடித்தால் அடுப்பில் எது இருந்தாலும் ஓடிப்போய் எடுக்கிறேன். ஹலோ என்பதற்கு முன் வாயில் பெரட்டுக்குச் சொல்லும் பதில்தான் வருகிறது. போன கிழமை கேஸ் கடைக்காரர் சிரித்தார்: "நீங்க இருக்கீங்க, சரிங்கம்மா. சிலிண்டர் வேணுமா, வேணாமா?"

அக்கா, நீங்கள் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த ஒரு சொல். இருக்கேன்.