மேலிருந்து கீழாகச் சுற்றிய கட்டு

என் நோய் தொடங்கிய தேதி எனக்குத் தெரியாது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பத்தொன்பது வயதிலிருந்து தினமும் ஐந்து வரி குறிப்பு எழுதுகிறவள் நான். தெருக் குழாயில் தண்ணீர் வராத நாட்கள், சர்ச்சில் நடந்த ஞானஸ்நானங்கள், ஊரிகம் ஸ்டேஷனுக்கு ரயில் தாமதமாக வந்த நிமிடங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. என் கால் பற்றித் தேடியபோது கிடைத்தது ஒரே வரி: “இடது கால் கனம். ரயிலில் இடமில்லை.” அதற்கு முன்பும் கனத்திருக்கும். எழுதவில்லை.

பெங்களூரில் ஒரு மின்னணுக் கம்பெனியில் சோதனை மேசை முன் எட்டு மணி நேரம் நிற்பது என் வேலை. போகவர ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல். அதிலும் பாதி நாட்கள் நின்றபடிதான். இருபத்திரண்டு வருடங்களாக இப்படி.

முழங்காலுக்குக் கீழே நரம்புகள் சுருண்டு புடைத்தன. என்னோடு தினமும் ரயிலில் வரும் லலிதாதான் முதலில் பார்த்தாள்.

“இன்னாக்கா இது, காலுல மண்புழு மேஞ்ச மாதிரி?”

“வயசாச்சுடி.”

“எங்கம்மாவுக்கு உன்னவிட வயசு. அவங்க காலு வெண்ணெயாட்டம் கீது. போய் டாக்டராண்ட காட்டுக்கா.”

நான் காட்டவில்லை. கணுக்காலின் உட்புறம் கறுத்தது. அரித்தது. சொறிந்த இடத்தில் அரிசி அளவுக்குப் புண் வந்தது. மஞ்சள் வைத்தேன், களிம்பு வைத்தேன். ஞாயிறு தோறும் சர்ச்சிலிருந்து வந்ததும் தையல் டேப்பால் அளந்து எழுதினேன். எட்டு மாதத்தில் அது புளியங்கொட்டையை விடப் பெரிதானது. அளப்பதை ஏதோ வைத்தியம் போல நினைத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் நானும் கணவரும் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தக்குழாய் மருத்துவர் கோலார் பக்கத்துப் பெண். தமிழ் நன்றாகப் பேசினார். என்னை நிற்க வைத்து டாப்ளர் ஸ்கேன் (ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஒலியலையால் பார்க்கும் பரிசோதனை) செய்தார்.

நாம் நரம்பு என்று சொல்வது சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப் போகும் குழாய்). அதன் உள்ளே வால்வுகள் (ஏறிய ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கும் மடிப்புகள்) இருக்கின்றன. என் இடது காலில் அவை தளர்ந்துவிட்டன. ஏறிய ரத்தம் கணுக்காலுக்கே திரும்பித் தேங்கியது. தோல் உள்ளிருந்து கெட்டது. நான் மேலே தடவிய களிம்புக்கு அங்கே வேலையே இல்லை.

“நான் வேலைய விடணுமா மேடம்?” என்று கேட்டேன்.

“கெட்டுப்போன நரம்ப லேசர்ல மூடிடலாம். அப்புறம் புண்ணு ஆறணும். புண்ணோட உங்கள எட்டு மணி நேரம் நிக்க நான் அனுப்ப மாட்டேன்.”

கம்பெனி ஆறு வாரம் விடுப்பு தந்தது. அதற்குள் திரும்பாவிட்டால் என் மேசைக்கு வேறு ஆள் என்று மேற்பார்வையாளர் பணிவாகவே சொன்னார். எனக்கு நாற்பத்தெட்டு வயது. வேறு மேசை கிடைக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

லேசர் சிகிச்சை ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. இதே சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்காக நடந்ததை அப்படியே சொல்கிறேன். நிற்க வைத்துக் காலில் பேனாவால் கோடு போட்டார்கள். பிறகு படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு ஊசித் துளை வழியாக மெல்லிய இழையைச் சிரைக்குள் செலுத்தினார்கள். அந்தச் சிரை நெடுகிலும் மரப்பு மருந்து கலந்த குளிர்ந்த நீரைப் பல இடங்களில் ஊசியால் ஏற்றினார்கள். வலித்தது அது மட்டும்தான். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. இழையின் நுனியிலிருந்து வரும் வெப்பம், இழையைப் பின்னால் இழுக்க இழுக்க, சிரையை உள்ளிருந்தே சுருக்கி மூடுகிறது. நாக்கில் ஏதோ கருகிய ருசி வந்தது. மயக்க மருந்து இல்லாததால் எல்லாம் காதில் விழுந்தது.

“மணி இன்னா மேடம்?”

“மணி எதுக்கும்மா இப்போ?”

“எழுதணும்.”

அவர் சிரித்துவிட்டார். “பதினொன்னு நாப்பது. எழுந்து நடங்க.”

அன்றிலிருந்து என் வாழ்க்கை ஒரு துண்டுத்தாளில் அடங்கியது. ஒரே இடத்தில் நிற்காதீர்கள். நெடுநேரம் உட்காராதீர்கள். நடங்கள். படுத்தால் காலை உயர்த்துங்கள். பகலெல்லாம் அழுத்தக் காலுறை (கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் நெய்தது) போடுங்கள். அதை மாட்டுவதே ஒரு போராட்டம். என் கணவர் செல்வராஜ் தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கிருந்து கொண்டுவந்த ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு காலுறையை இழுத்து ஏற்றுவார்.

“இன்னா எஸ்தரு இது, மலைப்பாம்புக்கு சட்டை போடற மாதிரி கீது.”

சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை நடப்பேன். திரும்புவேன். மறுபடி நடப்பேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா மூன்றாவது சுற்றில் கேட்டார்: “இன்னாம்மா, இன்னாத்த தொலைச்சிட்ட?” ஆறு வாரத்தில் எத்தனை நாள் போயிற்று என்று கணக்குப் போட்டபடியே நடந்தேன்.

நான் செய்த தவறு அந்த வாரச் சனிக்கிழமை நடந்தது. முந்தின நாள் துவைத்த காலுறை மழையில் காயவில்லை. வீட்டில் பழைய கிரேப் பேண்டேஜ் (இழுத்தால் நீளும் கட்டுத்துணி) ஒன்று இருந்தது.

அப்பா தங்கச் சுரங்கத்துக்குள் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் துணிப் பட்டையை முழங்காலுக்குக் கீழே இறுக்கமாகத் தொடங்கி, கணுக்கால் வரை சுற்றிக்கொண்டே இறங்கி, முடிச்சைப் பூட்ஸுக்குள் செருகுவார். அப்படிக் கட்டினால் கல்தூள் உள்ளே போகாது. சிறுவயதில் பட்டையின் நுனியை நான்தான் பிடித்துக்கொள்வேன். கால் கட்டு என்றால் என் கைக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். அப்படியே சுற்றினேன். நுனியைச் செல்வராஜ் பிடித்தார்.

சுகமாக இருந்தது. அதனால் காலுறை காய்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை அதையே கட்டினேன்; திங்களும் கட்டினேன். கட்டுவதற்கு முன் தினமும் கெண்டைக்காலை அளந்தேன். முப்பத்தைந்து செ.மீ., முப்பத்தாறரை, முப்பத்தெட்டு. மூன்றையும் அழகாக எழுதி வைத்தேன். சிறிது வீக்கம் இருக்கலாம் என்று துண்டுத்தாளில் இருந்தது. எழுதியதை நானே ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால் போதும்.

திங்கள் காலை மறுபரிசோதனை. ரயிலில் லலிதா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்; கூட வந்த செல்வராஜ் கதவருகே நின்றார். பங்காருப்பேட்டை தாண்டியதும் கெண்டைக்கால் கல்லானது. செருப்புக்கு வெளியே விரல்கள் நீலம் பாரித்தன.

“அக்கா, அவுத்துடுக்கா அத்த.”

“கட்டணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.”

“இப்டி கட்டச் சொன்னாங்களா?”

நான் குனிந்து அவிழ்த்தேன். முழங்காலுக்குக் கீழே விரல் நுழையும் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. லலிதா பேண்டேஜைச் சுருட்டி என் பையில் வைத்தாள்.

மருத்துவர் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். “யாரு இப்படிக் கட்டினது?”

“எங்கப்பா கட்டற மாதிரி…”

“அவர் வந்திருக்காரா?”

“இல்ல மேடம். அவரு போயி பதினாலு வருஷம் ஆச்சு.”

அவர் சிரிக்கவில்லை. மேலே இறுக்கினால் கீழே இருக்கும் ரத்தம் ஏற வழியில்லாமல் தேங்கும், தேங்கினால் உறையும், ஆழச் சிரையில் (தசைகளுக்கு நடுவே ஓடும் பெரிய குழாய்) உறைந்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். உடனே ஸ்கேன் என்றார்.

முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். நர்ஸ் உட்காரச் சொன்னார். என்னால் முடியவில்லை. தாழ்வாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நாற்பத்திரண்டு தப்படி. காலுக்குள் ஏதோ நகர்கிறதா என்று ஒவ்வொரு தப்படியிலும் கவனித்தேன். மேசை, ஆறு வாரம் எதுவும் அப்போது நினைவில் இல்லை. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

“ஆழத்துல ஒண்ணும் இல்ல” என்றார் மருத்துவர். “மேலாப்புல ஒரு சின்னக் கிளையிலதான் உறைஞ்சிருக்கு. அதுக்கு மருந்து தரேன். லேசர் செஞ்ச நரம்பு நல்லா மூடியிருக்கு. ஆனா புண்ணு மறுபடி ஈரமாயிடுச்சு.”

காலுறை நழுவினாலோ நனைந்தாலோ கட்டுவதற்காக, பேண்டேஜைச் செல்வராஜ் கையில் கொடுத்துத் தன் முன்னால் கட்டிக் காட்டச் சொன்னார். கால்விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, குதிகாலையும் மூடி, மேலே ஏற வேண்டும். செல்வராஜின் கை இரண்டு முறை முழங்காலுக்கே போனது.

“கீழேருந்து மேல வாங்க சார்.”

“நாங்க சுரங்கத்து ஆளுங்க மேடம். பழக்கம், கீழதான் போவோம்.”

இந்த முறை அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

அதன்பின் நான் தவறவில்லை. நடந்தேன், காலை உயர்த்தினேன், நடந்தேன். நான்காம் வாரம் புண்ணின் ஓரத்தில் வெங்காயச் சருகு போல ஒரு படலம் வந்தது. ஐந்தாம் வாரப் புதன்கிழமை கட்டு மாற்றியபோது மிளகளவு ஈரம் மிச்சம் இருந்தது. ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்து டேப்பை எடுத்தேன். அளக்க ஒன்றுமில்லை. டேப்பைச் சுருட்டி உள்ளே வைத்தேன்.

விடுப்பு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மேசைக்குத் திரும்பினேன். மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடக்க வேண்டும் என்று மருத்துவர் கடிதம் தந்திருந்தார். ரயிலில் இடம் கிடைத்தாலும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எழுந்து கதவு வரை போய் வருகிறேன்.

“உக்காருக்கா” என்கிறாள் லலிதா. “நீ நடக்கலன்னாலும் ரயிலு போவும்.”

என்னால் உட்கார முடிவதில்லை. இப்போது நேரம் எனக்குக் கடிகாரத்தில் தெரிவதில்லை, கெண்டைக்காலில் தெரிகிறது. காலுறை தளர்வாக இருந்தால் விடியற்காலை, இறுகினால் வேலை முடியும் நேரம். கால் என்னைச் சுமந்துகொண்டு சத்தமில்லாமல் இருந்த வருடங்களில் அதை நான் அறிந்ததே இல்லை. அதன் சத்தம் இனி ஓயாது என்றுதான் தோன்றுகிறது.

கடைசியாகப் போனபோது மருத்துவர் கேட்டார்: “எல்லாத்துக்கும் தேதி வெச்சிருப்பீங்களே. புண்ணு என்னைக்கு மூடுச்சு?”

வீட்டுக்கு வந்து குறிப்பைப் பார்த்தேன். அது அந்தப் புதனுக்கும் ஞாயிறுக்கும் நடுவே, கட்டுக்குள், நான் பார்க்காதபோது மூடியிருக்கிறது. வியாழக்கிழமை, மழை. வெள்ளிக்கிழமை, பதினாறு சுற்று நடந்தது. சனிக்கிழமைக்கு எழுதியிருக்கிறேன்: “விசேஷம் ஒன்றுமில்லை.”