செத்த நேரத்தின் அகலம்

"தக்காளிய இறக்கிட்டு மறுபடி ஏத்துங்க," என்கிறாள் ஜோஸ்பின். காய்கறிக் கடை சூசைராஜ் முனகிக்கொண்டே கூடையைத் தராசில் வைக்கிறார். "ஏன் மேடம், என்மேல நம்பிக்கை இல்லயா?"

"ஒங்க மேல இருக்குண்ணே. தராசு மேலதான் கொஞ்சம் கம்மி."

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறாள். நாற்பதைத் தாண்டியவள், நல்ல பசி, நல்ல தூக்கம், உரத்த சிரிப்பு. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் "முன்னப்பின்ன எம்புட்டு?" என்பாள். பேய்ஸ் என்பவர் பெயரில் உள்ள கணக்குமுறையை ஓயாமல் சொல்வதால் மாணவர்களுக்கு அவள் 'பேய் மேடம்'. அது அவளுக்கும் தெரியும்.

சித்தையன்கோட்டையில் சர்க்கரை நோயுள்ள முதியவர்களுக்காக ஓர் அறக்கட்டளை காலை நடைக்குழு நடத்துகிறது. நடையால் சர்க்கரை குறைகிறதா என்று ஜோஸ்பின் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். குறையவில்லையென்றால் குழுவைக் கலைத்துவிடுவார்கள். நடந்த நேரத்தையும் சர்க்கரையையும் சேர்த்துக் கோடு போட்டால், கோடு பாயில் படுத்ததுபோல் கிடந்தது.

"நடந்து பிரயோசனமில்ல, அம்புட்டுத்தான்," என்றார் கூட வேலை பார்க்கும் பிராங்கிளின்.

"எம்புட்டு நேரம் நடந்தாங்கன்னு கேட்டீங்கள்ல, என்ன சொன்னாங்க?"

"பாதிப் பேரு 'செத்த நேரம்'னாங்க. கொஞ்ச நேரந்தானேன்னு பத்து நிமிசம் போட்டுட்டேன்."

ஜோஸ்பின் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுவாரமே சிலர் கையில் நடை அளக்கும் பட்டையைக் கட்டினாள். தோல் சிவக்காதபடி ஒரு விரல் நுழைய இடம் விட்டுத்தான். அவர்களில் பொன்னுத்துரையின் செத்த நேரம் டீக்கடையோடு முடிந்தது. ஒச்சம்மாளின் செத்த நேரம் முக்கால் மணி.

"ஏத்தா, அம்புட்டா நடந்தேன்? பேசிக்கிட்டே போனதுல தெரியலயே!"

அளவு தப்பினால், நிறைய நடந்தவரும் கொஞ்சம் நடந்தவரும் ஒரே எண்ணில் கலந்துபோய்க் கோடு தானாகப் படுத்துவிடும். அதனால் ஜோஸ்பின் அவர்கள் சொன்னதை உண்மை என்று எடுக்கவில்லை. ஒவ்வொருவரும் நிஜமாக நடந்த நேரத்தைத் தெரியாத எண்ணாகவே வைத்தாள். சொல்லுக்கும் பட்டைக்கும் இருந்த வித்தியாசத்தைக் கொடுத்து, அந்த எண் எதற்குள் இருக்கலாம் என்று கணினியைத் தேடவிட்டாள். நடை கூடக் கூடச் சர்க்கரை இறங்கியது.

"பிராங்கிளின், படுத்த கோடு எந்திரிச்சிருச்சு!"

அறக்கட்டளை மேலாளர் கஸ்பார் ஒன்றே ஒன்று கேட்டார். "இறங்குதா, இல்லயா?"

"இறங்குது சார். எம்புட்டுங்கிறதுலதான் முன்னப்பின்ன."

"அப்பக் குழு நடக்கட்டும். எல்லாரும் பாக்குற மாதிரி போர்டுல ஒரே கோடா, ஊசியாட்டம் போட்டுருங்க."

ஜோஸ்பின் சாக்பீஸைப் படுக்கவைத்து, விரல்களால் அழுத்திப் பிடித்து, மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை அகலமாக இழுத்தாள்.