நாற்பது தாள் நீள எதிர்காலம்

போன வாரம் ராஜபாளையத்தில் ஒரு நூல் கடையில் பில்லுக்காக நின்றேன். கல்லாவுக்குப் பின்னால் பழைய பிரிண்டர் ஒன்று கிர்ர் கிர்ரென்று கத்தியது. ரிப்பன் மை சூடேறிய வாசனை வந்தது. உங்களுக்கு அது வெறும் மை. எனக்கு மாரி வந்துவிட்டாள்.

தொண்ணூறுகளின் நடுவில் இதே ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல் ஏசி அறைக்குள் போவோம். நானும் என் கூட்டாளி ஃபாத்திமாவும் மில்களுக்கு நூல் பில் அடிப்போம். மிச்ச நேரத்தில் மவுஸை உருட்டி, வசனம் எழுதிப் படக்கதை போடுவோம். அப்படிப் பிறந்தவள்தான் மாரி. நூறு வருடம் கழித்து வரப்போகும் ராஜபாளையத்தில் மில் வேலைக்காரி. ஒரு கை இரும்பு. மலையில் பெய்கிற மழையை எல்லாம் ஒரு ராட்சதக் கம்ப்யூட்டர் பூட்டி வைத்திருக்கும். அறுந்த இழைக்கு முடிச்சுப் போடும் அதே விரல்களால் இவள் அறுந்த ஒயர்களை முடிந்து மழையை விடுவிப்பாள். பறக்கவும் செய்வாள். எதற்குப் பறக்கிறாள் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

முதலாளி ஒரு நாள் பார்த்துவிட்டார். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல நம்ம கிளைய ஆடித் தேருக்குத் தெறக்கேன். இத அங்க மாட்டுங்க. கூட்டம் நின்னு பாத்தா படம் வரையன்னு தனி கம்ப்யூட்டர் தாரேன். இல்லேன்னா பில்லோட நிறுத்திக்கிடணும், ஆமா."

அதுவரை நான் ஆசைப்பட்டுச் செய்த வேலை அது ஒன்றுதான். அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு வேண்டும் என்று வெறியாக இருந்தது.

தேருக்கு முந்தின நாள் காலையில்தான் முதல் தாளை அச்சிட்டோம். கறுத்த வானம், ஊதா விளக்கு, பச்சை மழை என்று திரையில் ஜொலித்த நகரம், தாளில் ஒரே கறுப்பு. எங்கள் பிரிண்டருக்குக் கறுப்பைத் தவிர வேறு நிறம் தெரியாது என்பது, தினமும் அதில் பில் அடித்த எங்களுக்கே உறைக்கவில்லை! மை ஊறித் தாள் கிழிந்தது. நான் அழுதேவிட்டேன்.

"அழாதட்டி. கறுப்ப வெள்ளையாக்கு, வெள்ளையக் கறுப்பாக்கு. அதுக்கு ஒரு பட்டன் இருக்குல்லா?" என்றாள் ஃபாத்திமா.

தட்டினேன். இருட்டு நகரம் பளிச்சென்று விடிந்தது. நாங்கள் வெள்ளைவெளேரென்று வரைந்து வைத்திருந்த மாரி, கன்னங்கரேலென்று நிமிர்ந்து பார்த்தாள். முதலிலேயே அப்படி வரையத் தோன்றாத எங்கள் புத்தியை என்ன சொல்ல!

இரண்டு ஓரமும் துளை போட்டு, விடாமல் மடிந்து மடிந்து வருகிற தாள் அது. கிழித்துப் புத்தகமாகத் தைக்க நேரமில்லை. கதை முழுவதையும் அச்சிட்டு, நாற்பது தாளையும் அப்படியே அள்ளிக்கொண்டு பஸ் ஏறினோம். ரத வீதியில் கிளையின் வாசலில் ஆரம்பித்து, சுவர் நெடுக ஒட்டினோம். தேர் பார்க்க வந்த கூட்டம் சுவரோடு நடந்து நடந்து கதை படித்தது. எழுத்துத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சத்தமாக வாசித்தார்கள். மாரி மழையை விடுவிக்கிற தாளில் விசில் பறந்தது. முதலாளி வீட்டுத் தெலுங்கில் "பாகுந்தி, பாகுந்தி" என்று மெச்சிக் கத்தினார். "தனி கம்ப்யூட்டர் ஒங்களுக்குத்தான்!" நாங்கள் இருவரும் நடுத்தெருவில் குதித்தோம்.

வன்னியம்பட்டிப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். "எம்மா, இந்தப் பிள்ளை எம் மக கணக்கா இருக்கா. அவளும் மில்லுலதான் இழை முடிக்கா. இந்தத் தாள எடுத்துக்கிடட்டுமா?"

நான் தலையாட்டுவதற்குள் சர்ரென்று கிழித்துவிட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா? கான்சாபுரத்துக்கு ஒன்று, தேவதானத்துக்கு ஒன்று என்று ஆளுக்கொரு தாளாக மாரி பஸ் ஏறிப் போனாள். தடுக்க எங்களுக்கு மனசே வரவில்லை.

இன்று அந்தக் கிளை இல்லை, சென்டரும் இல்லை. படம் இருந்த ஃபிளாப்பியில் மறு வாரமே நூல் பில்லை ஏற்றிவிட்டோம். யாருக்கும் வேண்டாத புத்தகம்தான் கட்டுக்கட்டாக மிஞ்சும். எங்கள் மாரியில் ஒரு தாள்கூட என்னிடம் இல்லை.