சிவந்த கடலும் திருப்பி வாங்கிய சிப்பியும்

சிப்பி வியாபாரம் என்பது, கடலுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாமலே கடலுக்காக ஜாமீன் நிற்கிற தொழில். வாடிக்கை பிடித்து எதையாவது விற்றுப் பிழைத்திருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பால் நீர்த்துப்போனால் யாரும் மாட்டைத் திட்டுவதில்லை, ஊற்றினவனைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

ராஜா ஆட்சி போய்த் திருக்கொச்சி சர்க்கார் வந்த புதிது. தேங்காய்ப்பட்டணம் பக்கத்துப் பாறைகளில் சூசையண்ணன் முங்கி எடுக்கும் சிப்பியை, ஓலைக்கூடையில் போட்டு ஈரச்சாக்கால் மூடி, சைக்கிளில் மார்த்தாண்டம் கொண்டுபோய் வீடுவீடாகக் கொடுப்பது என் பிழைப்பு. எனக்கு நீச்சல் தெரியாது. கடலில் முழங்காலுக்குமேல் இறங்கினதில்லை. அதனால் கடல் விஷயத்தில் அண்ணன் என்ன சொன்னாலும் எனக்கு வேதவாக்கு.

ஆற்று வெள்ளம்

கன்னி மாசத்தில், அதாவது புரட்டாசியில், ஒரு சனிக்கிழமை. விடிந்ததும் போய்ப் பார்த்தால் கடல் கரையோரம் முழுக்கச் செம்மண்ணைக் கரைத்து ஊற்றினதுபோல் கிடக்கிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அலை உடையும் இடத்தில்கூட நுரை வெள்ளையாக இல்லை. பயமாகவும் இருந்தது, கண்ணை எடுக்கவும் மனசு வரவில்லை.

அண்ணனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அங்கே ஆறு வந்து கடலில் விழுகிறது. மழை பெய்தால் மலையிலுள்ள மண்ணெல்லாம் இறங்கிக் கடல் சிவப்பது அந்த ஊர்க்காரர்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அன்றைக்குக் கலங்கலில் கண் தெரியாமல் கொஞ்சம் சிப்பிதான் எடுத்தார். என் கூடையில் கொட்டிவிட்டு, தனக்கென்று இரண்டு கை அள்ளி வைத்துக்கொண்டார். "அண்ணே, என்ன இது இப்பிடிச் செவந்து கெடக்கு?" என்று கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "ஆத்து வெள்ளமாக்கும், மக்கா. நீ வண்டிய எடு."

பிலோமி மைனி ஓடி வந்தது

பாதி வழியில் அதே ஆற்றோரம் நிறுத்தி முகம் கழுவினேன். தண்ணீர் கண்ணாடியாக ஓடிக்கொண்டிருந்தது. அடி மணலும் மேய்கிற மீன்குஞ்சும் தெரிந்தன. மழை பெய்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அப்படியானால் கடலில் கிடக்கிற சிவப்பு எங்கிருந்து வந்தது? கேள்வி வந்தது என்னவோ உண்மை. வெயில் ஏறினால் சிப்பி செத்துப்போகுமே என்கிற அவசரத்தில் நான் அதை நின்று கேட்கவில்லை. நேராகப் போய் வாத்தியார் வீடு, சாயக்கடை, தையல்காரர் என்று மூன்று வாடிக்கைக்குக் கொடுத்துக் கூடையைக் காலி பண்ணிவிட்டேன்.

சந்தை முக்கில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் பெண்சாதி பிலோமி மைனி ஓடி வந்தாள். தலையில் மீன் சுமக்கிற கடவம் இல்லை, காலில் புழுதி முழங்கால்வரை. அண்ணன் தன் பங்குச் சிப்பியை அவித்துத் தின்றாராம். கொஞ்ச நேரத்தில் உதட்டில் எறும்பு ஊர்வதுபோல் இருந்ததாம். பிறகு நாக்கு மரத்தது. விரலிடுக்கில் பீடி சுடுவது தெரியாமல் தோல் பொசுங்கிவிட்டது. பாயில் கிடத்தி அவர் தம்பியைக் காவல் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"மைனி, அவரப் போட்டுட்டு இஞ்ச என்னத்துக்கு வந்திய?" என்று பதறினேன். புருஷன் பிழைப்பாரா என்று தெரியாத நிலையில், முகம் தெரியாத மூன்று வீட்டுக்காக அத்தனை மைல் ஓடி வந்தவள் மூச்சு வாங்கச் சொன்னாள்: "அவருக்கத் தலைமாட்டுல ஆளிருக்கு, தம்பி. நீ குடுத்த வீட்டுல உள்ளவங்களுக்கு ஆரு இருக்கா?"

வாத்தியாரின் ஜெபம்

ஏசுவடியான் வாத்தியாரின் ஜெபம் மார்த்தாண்டம் முழுக்கப் பிரசித்தம். சோற்றுக்கு முன்னால் கண்ணை மூடினால் சொந்தபந்தம், பள்ளிக்கூடம், சர்க்கார், கப்பலில் போகிறவர்கள் வரைக்கும் ஒருத்தரையும் விடமாட்டார். நாங்கள் நுழைந்தபோது பிள்ளைகள் நாலும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுவில் தேங்காயும் கொடம்புளியும் போட்டு வைத்த சிப்பிக்கறி ஆவி பறக்க இருக்கிறது. சின்னது ஒரு கண்ணைத் திறந்து கறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியார் அப்போதுதான் கப்பல்காரர்களிடம் வந்திருந்தார்.

நான் செருப்புக்காலோடு பாய்ந்து சட்டியைத் தூக்கிவிட்டேன். வாத்தியார் பெண்சாதி டீச்சரம்மா கூச்சல் போட்டார். மைனி விவரத்தைச் சொல்லச் சொல்ல அந்த அம்மா பிள்ளைகள் நாலையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். யாரும் ஒரு வாய் எடுத்து வைக்கவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. வாத்தியார் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெண்சாதியைப் பார்த்தார்: "எனக்க ஜெபம் நீளம்னு தெனமும் பொருமுவியே, இண்ணைக்குச் சொல்லு பாப்போம்."

வாய் திறந்த சிப்பி

சாயக்கடைக் கோலப்பனிடம் இந்தப் பேச்சு எடுபடவில்லை. எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: அவிக்கும்போது வாய் திறந்த சிப்பி நல்லது, திறக்காதது கெட்டது. அவர் சட்டியில் ஒன்று பாக்கியில்லாமல் திறந்திருந்தது. மணமும் அப்படி. கடைக்கு வெளியே இரண்டு பேர் வாசம் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். "நல்லா வெந்தாச்சு, வெந்த பொறவு என்ன வெசம்?" என்றார். வேறு யாரோ கூடுதல் விலை தருவதாகச் சொல்லிவிட்டார்கள், அதனால்தான் பிடுங்க வருகிறேன் என்று அவருக்குச் சந்தேகம்.

நானும் பத்து வருஷமாக அந்தக் கணக்கைத்தான் வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். மைனிதான் சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "எனக்க மாப்பிள தின்னதும் வெந்ததுதான். எல்லாம் வாய் தொறந்ததுதான். அவருக்க வாய்தான் இப்ப தொறக்க மாட்டேங்கு" என்றாள். வெளியே காத்திருந்த இரண்டு பேரும் நழுவிவிட்டார்கள். நான் சட்டியைத் தூக்கப் போனேன். கோலப்பன் என் கையைத் தட்டிவிட்டார்: "நீ தொடாத. எனக்க கடையில வெந்தத நானே குழி தோண்டிப் பொதைப்பேன்."

ஊசி

தையல்காரர் பொன்னுமணி தனியாள். காலையிலேயே பொங்கித் தின்றுவிட்டு மெஷினில் உட்காருகிறவர். நாங்கள் போனபோது அவர் விரலில் ஊசியைக் குத்திக் குத்திப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "பாத்தியாடே, குத்துகேன், நோவல்ல!" வார்த்தை குழறியது. எழுந்து காட்டப் போனவர் கால் மடிந்து விழுந்தார். குழியை மூடிவிட்டுப் பின்னாலேயே வந்த கோலப்பன் அவரை என் சைக்கிள் கேரியரில் தூக்கி வைத்துப் பிடித்துக்கொள்ள, நான் மிதித்தேன். மைனி அதற்குமேல் நிற்கவில்லை, வந்த வழியே அண்ணனிடம் ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "இதுக்கு மருந்து கிடையாது. மூச்சு நிற்காமப் பாத்துக்கிட்டா, விஷம் தானே இறங்கும்." நான் பொன்னுமணி நெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது ஏறும்போது என் நெஞ்சும் ஏறியது. ஒரு மனுஷன் மூச்சு விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் கொடுத்த சிப்பி, நான் பார்த்த சிவப்பு, நான் கேட்காமல் விட்ட கேள்வி. மறுநாள் வெளுக்கும்போது நர்ஸ் வந்து தெம்புக்கென்று அவர் கையில் ஒரு ஊசி போட்டார். பொன்னுமணி துள்ளி என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்: "நோவுதுலே மக்கா! நோவுது!"

பாறையில்

சூசையண்ணனும் பிழைத்தார். ஒரு வாரம் கழித்து இரண்டு பேரும் பாறையில் போய் நின்றோம். சிவப்பு வெளிறியிருந்தது. டாக்டர் எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். அந்தச் சிவப்பு மண் அல்ல, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள். சிப்பி நாள் முழுக்கக் கடலை இழுத்து வடிகட்டித் தின்கிறது. அந்த உயிர்களின் விஷத்தையும் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்கிறது. தீயில் வேகவைத்தாலும் அந்த விஷம் சாகாது. சுத்தமான தண்ணீர் வந்தால், அதே சிப்பி யாரும் கழுவாமலே பல வாரத்தில் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்.

எனக்குச் சொல்லும்போதே மயிர் கூச்செறிந்தது. வருஷக்கணக்காகக் கூடையில் அள்ளிப்போட்ட பொருள், இத்தனை பெரிய கடலைக் குடித்துத் துப்பிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அண்ணன் குனிந்து, பாறையில் ஒட்டியிருந்த ஒரு சிப்பியைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்கு ரெண்டு கை தின்னதுக்கே நாக்கு செத்துப்போச்சு. இது அம்புட்டையும் வயித்துல வச்சிக்கிட்டு அசையாம இருக்கு பாருடே!"

இரண்டு மாசம் கூடையைத் தொடாமல் கிடந்துவிட்டு மறுபடி போனபோது மூன்று வீடு வாங்கின இடத்தில் முப்பது வீடு காத்திருந்தது. ஊரார் வாய்க்குப் போகிற சோற்றைத் தட்டிவிட்ட பிறகுதான் என் கூடைக்கு மார்த்தாண்டத்தில் நல்ல பேர் வந்ததென்றால், இந்த வியாபாரத்தை நான் யாருக்குச் சொல்லிக்கொடுப்பேன்?