இரண்டு நூல்

விவேக் நகரில் குழந்தை இயேசு கோவிலுக்குப் பின்பக்கச் சந்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில் ஆஞ்சலாவின் தையல்கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. "ஆஞ்சலாகிட்ட குடுத்திருக்கேன்" என்று சொன்னால் அந்த வட்டாரத்துப் பெண்களுக்குப் புரிந்துவிடும். இருபத்தாறு வருடமாக ஜாக்கெட் தைக்கிறாள். ஆஸ்டின் டவுனிலிருந்தெல்லாம் ஆட்டோ பிடித்து வருகிறார்கள்.

ஆஞ்சலாவுக்கு ஒரு கர்வம் உண்டு. மற்ற கடைகளைப் போல அளவு ஜாக்கெட் கொண்டுவா என்று கேட்கமாட்டாள். உடம்பில் டேப் வைத்து அளந்து, நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி எழுதிக்கொள்வாள். அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் துணி தைக்கும் டிசம்பரில்தான் மறுபடி டேப் எடுப்பாள். நடுவில் யாராவது, "கொஞ்சம் இளைச்சிருக்கேன், ஒருவாட்டி அளந்துடேன்" என்று கெஞ்சினால், "ஒரு வருஷத்துக்குள்ள நீ என்னாத்த மாறிடப்போறே? போ போ" என்று விரட்டிவிடுவாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'அடுத்த அளவு: டிசம்பர்' என்று கோடு போட்டு எழுதியிருக்கும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இத்தனை கறாரான ஆஞ்சலாதான், ஆறு மாதமாகத் தன் கழுத்தைத் தினமும் காலையில் அளந்துகொண்டிருந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன் அவள் கழுத்தின் இடப்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. லிம்ஃபோமா என்றார்கள், நெறிகட்டும் இடங்களில் வருகிற புற்றுநோய். ஆறு தடவை கீமோ ஏற்றினார்கள். முடி போயிற்று, நாக்கில் ருசி போயிற்று, மகள் லவினாவின் வேலையும் போயிற்று. அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க வேறு ஆள் இல்லையென்று அவளே ராஜினாமா கொடுத்துவிட்டாள். கட்டி கரைந்தது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி. டாக்டர் சுனிதா அவள் கழுத்தையும் அக்குளையும் விரல்களால் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா" என்பார். அந்த ஒரு வாக்கில் ஆஞ்சலாவுக்கு அடுத்த மூன்று மாதம் ஓடிவிடும்.

போன டிசம்பரில் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்மேல ஸ்கேன் பேடாம்மா. வர்ஷத்துக்கு ஒருவாட்டி வந்தா சாக்கு."

டாக்டருக்குக் கன்னடம்தான் வீட்டு மொழி. தமிழ் பேசினாலும் நடுவில் புகுந்துவிடும். பேடா என்றால் வேண்டாம், சாக்கு என்றால் போதும். காய்கறி வண்டிக்காரரிடம் ஆஞ்சலாவே தினம் பத்துத்தரம் சொல்லும் வார்த்தைகள்தான். அன்றைக்கு அவை தன்னைப் பார்த்துச் சொல்லப்பட்டபோது வண்டியிலிருந்து கீழே வைக்கப்பட்ட பூசணிக்காய் போல உட்கார்ந்திருந்தாள். கட்டி தட்டுப்பட்டாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் வந்தாலோ, ராத்திரியில் துணி நனைய வேர்த்தாலோ, எடை குறைந்தாலோ டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லி, ஒரு காகிதத்தில் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் லவினா கேக் வாங்கி வந்தாள். ஆஞ்சலாவும் வெட்டினாள், சாப்பிட்டாள், சிரித்தாள். ஆனால் மனதுக்குள் 'கைவிட்டுட்டாங்க' என்றுதான் இருந்தது. இதை யாரிடம் சொல்வது? நல்ல சேதிக்கு அழுகிறாயே என்று திட்டுவார்கள்.

முதலில் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். தடவத் தடவ எல்லாமே கட்டியாகத் தெரிந்தது. விரல் பொய் சொல்லும், டேப் சொல்லாது என்று முடிவுகட்டினாள். தையற்காரிக்கு வேறெப்படித் தோன்றும்? தாடைக்குக் கீழே டேப்பைச் சுற்றி அளந்து, கோவில் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதினாள். பதிமூன்றரை இஞ்சு. மறுநாளும் பதிமூன்றரை. ஜனவரி, பிப்ரவரி என்று கட்டம் கட்டமாகப் பதிமூன்றரை. எழுதி முடித்தபின்தான் காபி இறங்கும்.

ஜூன் மாதம் டேப்பின் முனையிலிருந்த பித்தளைத் தகடு கழன்று விழுந்தது. லவினா சிக்பேட்டையிலிருந்து புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். பழையதைத் தூக்கிப்போட மனம் வராமல் ஆஞ்சலா அதை வெட்டுத்துணி மூட்டைக்குக் கயிறாகக் கட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை கழுத்தை அளந்தாள். பதிமூன்றே முக்கால்.

கால் இஞ்சு. தையற்காரர் பாஷையில் இரண்டு நூல்; ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். சட்டைக் காலரில் இரண்டு நூல் கூடினால் யாருக்கும் தெரியாது. ஆஞ்சலாவுக்குத் தெரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடி அளந்தாள், மூச்சை அடக்கி அளந்தாள், மூச்சை விட்டு அளந்தாள். பதிமூன்றே முக்கால்தான். செவ்வாயும் அதே. புதனும் அதே. காலண்டரில் எழுதாமல் மூன்று கட்டங்களைக் காலியாக விட்டாள்.

திரும்ப வந்துவிட்டது என்று தீர்மானித்துவிட்டாள்.

இதில் லவினாவின் விஷயம் வேறு. மூன்று வருடம் அலைந்து அவளுக்கு இப்போதுதான் ஒரு நல்ல வேலை கிடைத்திருந்தது. மூன்று மாதப் பயிற்சிக்காக சனிக்கிழமை புனேவுக்கு ரயில். பெட்டி கூடத்தில் திறந்து கிடந்தது. அந்த நம்பருக்குப் போன் செய்தால் வரச்சொல்வார்கள். போனால், கூட வந்தது யார் என்று கேட்பார்கள். லவினா பெட்டியை மூடிவைத்துவிட்டு வந்து நிற்பாள். சனிக்கிழமை அவள் ரயில் ஏறட்டும், பிறகு என்னவோ ஆகட்டும் என்று ஆஞ்சலா வாயை இறுக மூடிக்கொண்டாள். அப்படிப்பட்ட தைரியத்துக்கு அசட்டுத்தனம் என்றும் ஒரு பெயர் உண்டு. ஆனால் பெற்றவளிடம் அதைச் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை. கோவிலில் நொவேனா ஜெபக் கூட்டம், சந்து முழுக்க மெழுகுவர்த்தி வியாபாரம். அந்த நெரிசலைப் பிளந்துகொண்டு வனஜா டீச்சர் வந்தார். ஆஸ்டின் டவுன்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். பதினைந்து வருட வாடிக்கை. கையில் ஆஞ்சலா முந்தாநாள் தைத்துக் கொடுத்த பட்டு ஜாக்கெட்.

"ஏன் ஆஞ்சலா, இது எனக்கா, இல்ல என் பேத்திக்கா? கொக்கியே சேரமாட்டேங்குது."

"நோட்டுல இருக்கற அளவுதான் டீச்சர் வெட்டினேன். நீங்க ஒருசுத்து பெருத்திருப்பீங்க."

"நானா? போன மாசம் நீ தைச்ச ஜாக்கெட்டைத்தான் இப்ப போட்டிருக்கேன். பாரு, எவ்ளோ கச்சிதமா இருக்குது! ஒரே நேரத்துல ஒரு ஜாக்கெட்டுக்குப் பெருத்து, இன்னொரு ஜாக்கெட்டுக்கு இளைச்சிருக்கேனா?"

ஆஞ்சலா நோட்டைப் பிரித்தாள். மார்புச் சுற்று முப்பத்தாறு. டீச்சரை நிறுத்திவைத்து அளந்தாள். முப்பத்தாறரைக்கும் மேலே போயிற்று.

"ஆள் அதே, நோட்டு அதே, தைக்கிற கையும் அதே" என்றார் டீச்சர், கரும்பலகை முன்னால் நிற்பவர் போல. "மாறினது எது?"

ஆஞ்சலா கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள். மூலையிலிருந்த வெட்டுத்துணி மூட்டையைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தாள். வெட்டுத்துணி எல்லாம் தரையில் சரிந்தது. பழைய டேப்பையும் புதியதையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிவைத்தாள். பழையதில் முப்பத்தாறு இருந்த இடத்தில் புதியது முப்பத்தாறரையைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டு வருடம் இழுபட்டு இழுபட்டுப் பழைய டேப் நீண்டுபோயிருக்கிறது. அளந்ததும் அதில், வெட்டியதும் அதில் என்பதால் இத்தனை காலம் யாருக்கும் ஜாக்கெட் தப்பவில்லை. அதில் அளந்த நோட்டைப் புதிய டேப்பில் வெட்டியதும் டீச்சருக்குக் கொக்கி சேரவில்லை.

ஆஞ்சலா விரலைப் பழைய டேப்பின் பதிமூன்றரையில் வைத்தாள். பக்கத்தில் புதியதைப் பார்த்தாள். பதிமூன்றே முக்கால். சரியாக இரண்டு நூல்.

தரையில் வெட்டுத்துணிமேல் அப்படியே உட்கார்ந்து அழுதாள். ஒரு ஜாக்கெட்டுக்காக யாரும் இப்படி அழமாட்டார்கள் என்று டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆஞ்சலா காலண்டரைக் காட்டினாள்; டிசம்பரிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த நம்பர் எங்கே?" என்றார் டீச்சர்.

"அதான் ஒண்ணும் இல்லேன்னு ஆயிடுச்சே."

"டேப்புக்கு ஒண்ணும் இல்லேன்னு ஆச்சு. உனக்கு ஆறு மாசமா என்னென்னவோ ஆயிருக்கே. போடு போனை."

நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து காகிதம் வெளியே வந்தது. எடுத்தது ஒரு நர்ஸ். காய்ச்சல் உண்டா, வேர்க்கிறதா, எடை குறைந்ததா, கையில் எதுவும் தட்டுப்படுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆஞ்சலா இல்லை என்றாள். டேப் கதையைக் கேட்டதும் அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமானது.

"அம்மா, டேப்பெல்லாம் எதுக்கு? மாசத்துல ஒரு நாள் குளிக்கறப்ப விரலால பாருங்க. சந்தேகமா இருந்தா வாங்க. சந்தேகம் இல்ல, சும்மா பயமா இருக்குதுன்னாலும் வாங்க. அதுக்கும் இதே நம்பர்தான். நாளைக்கு டாக்டர் இருப்பாங்க, வந்து காட்டிட்டுப் போறீங்களா?"

பயத்துக்கும் இதே நம்பர்தான் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அல்லது டாக்டர் சொல்லி, பூசணிக்காயாக உட்கார்ந்திருந்தவள் காதில் விழாமல் போயிருக்கலாம். ஆஞ்சலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பேடாம்மா" என்றாள். "நீங்க சொன்னதே சாக்கு."

அன்று சாயங்காலம் லவினாவிடம் சொன்னாள். லவினா முதலில் கத்தினாள், பிறகு சிரித்தாள், பிறகு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. சனிக்கிழமை ரயில் ஏறினாள்.

நோட்டு முழுவதும் பாழ். டிசம்பர் வரைக்கும் டேப் எடுக்கமாட்டேன் என்று விரட்டியவள், இப்போது வாடிக்கைக்காரப் பெண்களை ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கூப்பிட வேண்டியதாயிற்று. புது நோட்டு வாங்கினாள். பிரித்துத் தைத்த பட்டு ஜாக்கெட்டை வாங்கிப்போக வந்த வனஜா டீச்சரிடம் டேப்பைக் கொடுத்து, தன் கழுத்தை நீட்டினாள். ஆறு மாதமாக அவளைத் தவிர வேறு யாரும் அளக்காத கழுத்து.

"பதிமூணே முக்கால்" என்றார் டீச்சர்.

"இன்னொருவாட்டி பாத்துடுங்களேன்."

"ஒரு வருஷத்துக்குள்ள நீ என்னாத்த மாறிடப்போறே?" என்றார் டீச்சர், டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "போ போ."

புது நோட்டின் முதல் பக்கத்தில் ஆஞ்சலா தன் பெயரை எழுதினாள். அதன் கீழே, கழுத்து பதிமூன்றே முக்கால். பிறகு பக்கத்தின் அடியில் எல்லோருக்கும் போடுகிற மாதிரியே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 'அடுத்த அளவு: டிசம்பர்' என்று எழுதினாள்.