ஒரு தரம்தான் கேட்பார்கள்

1. பிஸ்கட் டின்

எண்பதுகளின் நடுப்பகுதியில் தென் லண்டனில் ஒரு கவுன்சிலில், அதாவது நகரசபையில், ஹோம் ஹெல்ப் வேலைக்குச் சேர்ந்தேன். வயதானவர்களின் வீட்டுக்குப் போய்க் கூட்டித் துடைத்து, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி, மத்தியானச் சாப்பாடு செய்து கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். இப்போது இதே வேலையைக் கேரர் வேலை என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் இதில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படுமே என்றுதான் எழுதுகிறேன். மற்றவர்கள் இங்கிலிஷில் பேசியதையும் எங்கள் ஊர்த் தமிழிலேயே எழுதப் போகிறேன். என் மனதில் அவர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் நாள் ஆர்கனைசரின் அறையில் இருத்தினார்கள். ஆர்கனைசர் என்றால் எங்களுக்கு மேலே இருப்பவர், எந்த வீட்டுக்கு யார் போவது என்று தீர்மானிப்பவர். மிஸஸ் பிரைஸ் என்று பெயர். நல்ல உயரம், கோடு போட்டது போல நேரான முதுகு. எனக்குப் பக்கத்தில் இன்னொரு புது ஆள், ஹொங்கொங்கிலிருந்து வந்த சீனப் பெண். மிஸஸ் பிரைஸ் தேநீர் தந்தார். பிறகு ஒரு பெரிய டின்னைத் திறந்து நீட்டி, "பிஸ்கட் எடுக்கிறியளோ?" என்று கேட்டார்.

அந்தத் தேநீரைத் தவிரக் காலையிலிருந்து பல்லில் ஒன்றும் படவில்லை. ஆனாலும் "இல்லை, வேண்டாம்" என்றேன். முதல் தரம் கேட்டவுடனே கையை நீட்டினால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? பக்கத்தில் இருந்தவரும் தலையைக் குனிந்து, "வேண்டாம், நன்றி" என்றார். மிஸஸ் பிரைஸ் டின்னை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, தரை துடைப்பது பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அவ்வளவுதான்! நான் அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் அந்தச் சீனப் பெண்ணும் அலுமாரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வெளியே வந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார். "உங்களுக்கும் பசியோ?"

"ஓம், வயித்தைப் புடுங்குது."

"எங்கட ஊரிலை எண்டால் மூண்டு தரம் கேப்பினம்."

"எங்கட ஊரிலை கேக்கிறதே இல்லை, கையிலை திணிச்சுப் போடுவினம்."

கொரிடோரில் நின்று கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தோம். என்னைவிட மூத்தவர் என்பதால் வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "வொங் அக்கா" என்றேன். அக்கா என்றால் என்ன என்று கேட்டு விளங்கிக்கொண்டார். அதன் பிறகு வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

2. பஸ் தரிப்பிடத்து ஆராய்ச்சி

எங்கள் இருவருக்கும் கோலியர்ஸ் வுட் பக்கம்தான் வேலைக்கு வீடுகள் தந்திருந்தார்கள். காலையில் ஒரே பஸ். அதற்காகக் காத்து நிற்கிற நேரத்தில் இந்த நாட்டு மனிதரைப் பற்றி நாங்கள் ஆராயாத விஷயம் இல்லை.

குளிக்கிற அறைக்குக் கார்ப்பெட் போட்டிருக்கிறார்களே, என்ன கோலம்? சுடுதண்ணீருக்கு ஒரு குழாய், குளிர்தண்ணீருக்கு இன்னொரு குழாய். ஒன்றில் கை வேகும், மற்றதில் கை விறைக்கும். நடுவில் கை கழுவ இடமே இல்லை. தட்டுகளைச் சவர்க்கார நுரையில் முக்கி, அந்த நுரையோடேயே துடைத்து அடுக்குவார்கள். முதல் தரம் அதைப் பார்த்த அன்று நான் எல்லாவற்றையும் திரும்பக் கழுவி வைத்தேன். "இவை சவர்க்காரத்தைத் திண்டுதான் இவ்வளவு வெள்ளை" என்றார் வொங் அக்கா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஒரு மனிசி கேட்டாள் என்று நான் என் முழங்கால் நோவைப் பற்றி விபரமாகச் சொல்லத் தொடங்கினேன். பாவம், அவள் நாயைப் பிடித்தபடி பின்னாலே பின்னாலே போனாள். வொங் அக்காவின் கதை அதைவிட மோசம். "ஒரு நாளைக்குக் கட்டாயம் வீட்டுக்கு வாங்கோ" என்று யாரோ சொன்னதை நம்பி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பை தோடம்பழத்தோடு போய் நின்றிருக்கிறார். அவர்கள் பைஜாமாவோடு கதவைத் திறந்திருக்கிறார்கள்.

பஸ் கொண்டக்டர் என்னை "லவ்" என்று கூப்பிட்ட அன்று நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு என் கணவரிடம் சொன்னேன். இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "அவன் என்னையும் அப்பிடித்தான் கூப்பிடுறவன்" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, அருமையான சனங்கள். மழையில் நனைந்து போனால் தங்கள் காலுறையைக் கழற்றித் தருவார்கள். எனக்கு மகன் பிறக்க இருக்கிறான் என்று தெரிந்ததும் நான் போகிற வீடுகளில் இருந்த கிழவிகளெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு பின்னினார்கள். அவனுக்கு ஒரு குளிர்காலத்தில் உடுத்தி முடியாத அளவு சுவெட்டர் இருந்தது. அவர்கள் அன்பை வாயால் சொல்லமாட்டார்கள் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கப் பிந்திவிட்டது.

3. ஹார்பர் ஐயா

ஹார்பர் ஐயா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனைவி இறந்துவிட்டார், மகள் ஒஸ்ரேலியாவில். சின்ன வீடு, பின்னால் ரோசா மரங்கள். நான் அவரிடம் போகத் தொடங்கியபோது மனிதர் தும்பாகிப் போயிருந்தார். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் ஒரு பழைய கழுத்துப்பட்டியால் கட்டியிருந்தார்.

நான் ஆசையாகச் சமைத்து வைப்பேன். அவர் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் நேராக வைத்துவிட்டு, "நீங்கள் சாப்பிடேல்லையோ, லவ்?" என்று கேட்பார். "வேண்டாம் ஐயா, நான் சாப்பிட்டிட்டன்" என்பேன். போகிற வீடுகளில் சாப்பிடக்கூடாது என்பது கவுன்சில் ரூல். ரூல் இல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். பிறகு பக்கத்தில் நின்று, "சாப்பிடுங்கோ ஐயா, ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி" என்று கெஞ்சுவேன். அவர் முகம் சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். "பிறகு சாப்பிடுறன்" என்பார். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும்.

அவரைப் பார்க்க வந்த டொக்டர், ஆள் மெலிந்து போவதைக் கவுன்சிலுக்கு அறிவித்துவிட்டார். மிஸஸ் பிரைஸ் நேரே வந்து, அவர் முன்னாலேயே சொன்னார். "மிஸ்டர் ஹார்பர், இப்பிடிச் சாப்பிடாமல் இருந்தால் உங்களைத் தனிய விட ஏலாது. மாதக் கடைசியிலை மத்தியான நேரம் பாத்து வருவன். அப்பவும் இப்பிடியே எண்டால் முதியோர் ஹோமுக்குத்தான் அனுப்பவேணும்."

அவர் ரோசா மரங்களைப் பார்த்தார். "போகாமல் இருந்தால் எனக்கு நல்லம்" என்றார். அவ்வளவுதான். எங்கள் ஆள் என்றால் தலையில் அடித்துக் குழறியிருப்பார். இந்த மனிதரின் குழறல் இதுதான் என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது.

அடுத்த நாள் பஸ் தரிப்பிடத்தில் வொங் அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சாப்பிடப் போகேக்கை அவர் உன்னைக் கேக்கிறவரோ?"

"ஓம், ஒவ்வொரு நாளும்."

"நீ என்ன சொல்லுறனி?"

"வேண்டாம் எண்டுதான்."

"திருப்பிக் கேப்பாரோ?"

"இல்லை, ஒரு தரம்தான்."

வொங் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "விசரி! நீ வேண்டாம் எண்டால் அவைக்கு வேண்டாம்தான். ஒரு பொம்பிளை வெறும் வயித்தோடை பக்கத்திலை நிண்டு வாயைப் பாத்துக்கொண்டு நிக்க, மானமுள்ள மனிசன் எப்பிடியடி விழுங்கிறது?"

பஸ் வந்து நின்றதைக்கூட அவர்தான் சொன்னார்.

அன்று முட்டை அவித்து, பாண் வாட்டி வைத்தேன். "நீங்கள் சாப்பிடேல்லையோ, லவ்?" என்று கேட்டார். "ஓம், ஒரு துண்டு தாங்கோ" என்றேன். உடம்பெல்லாம் கூசியது. முதல் தரத்திலேயே ஓம் சொல்லிவிட்டேனே! ஹார்பர் ஐயா எழுந்து, தானே போய், அலுமாரியிலிருந்து பூப்போட்ட தட்டு ஒன்றை எடுத்து வந்தார். எனக்கு வெண்ணெய் பூசித் தந்தார். பிறகு இருந்து தன் முட்டையை உடைத்தார். ஒரு கதையும் இல்லாமல், கடைசித் துண்டு பாணால் மஞ்சட் கருவை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். நான் அழுகையை அடக்கிக்கொண்டு தேநீர் போட எழும்பினேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அவரோடு இருந்து கொஞ்சம் சாப்பிட்டேன். அவருக்கும் வாய் திறந்தது. பனிப்புகாரில் முன்னால் ஒருவர் விளக்குப் பிடித்து நடக்க, பின்னால் தான் பஸ் ஓட்டிய கதையெல்லாம் சொன்னார். நான் ரூலை மீறுகிறேன் என்று அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

4. வெள்ளிக்கிழமை

மாதக் கடைசியில் மிஸஸ் பிரைஸ் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மீன் வேண்டும் என்று ஐயா கேட்டிருந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு துண்டு பொரித்தேன், ஒன்று அப்போதைக்கு, மற்றது இரவுக்கு. கூடவே மசித்த உருளைக்கிழங்கும் பட்டாணியும்.

மிஸஸ் பிரைஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்றார். ஹார்பர் ஐயா மரியாதையாக, "நீங்களும் கொஞ்சம் சாப்பிடுறியளோ?" என்று கேட்டார்.

"வேண்டாம், நன்றி. நான் சும்மா பாக்கத்தான் வந்தனான்."

பிறகு ஐயா என்னைப் பார்த்தார். கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. வாயைத் திறந்து, மிஸஸ் பிரைஸைப் பார்த்து, மூடிக்கொண்டார். என் வேலை போய்விடுமே என்று அந்த மனிதர் என்னைக் கேட்காமல் விட்டார்! முள்ளுக்கரண்டியை எடுத்தார், வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முகம் பழையபடி சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பியது. மிஸஸ் பிரைஸ் ஒரு பெருமூச்சு விட்டார்.

வேலை போனால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. ஆனால் இன்றைக்கு நான் நின்றுகொண்டே இருந்தால் இந்த மனிதருக்கு வீடே இல்லை. கதிரையை இழுத்து இருந்தேன்.

"ஹார்பர் ஐயா, எனக்கும் கொஞ்சம் தாங்கோ."

வாய் திறந்து சாப்பாடு கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். என் அம்மாவின் காதில் விழுந்திருந்தால் மயங்கிப் போயிருப்பார். ஹார்பர் ஐயாவின் முகம் மலர்ந்து போனது. பூப்போட்ட தட்டைக் கொண்டுவந்து, கிழங்கும் பட்டாணியும் போட்டு, மீனையும் தூக்கினார்.

"ஐயோ, மீன் வேண்டாம். இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை எண்டபடியாத்தானே மீன்!"

"வெள்ளிக்கிழமை எண்டபடியாத்தான் நான் தொடமாட்டன்!"

இருவரும் ஒருவரை ஒருவர் விசரரைப் பார்ப்பது போலப் பார்த்தோம். பிறகு அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் மீனை வெட்டி வாயில் போட்டார். நான் கிழங்கைச் சாப்பிட, அவர் மீனைச் சாப்பிட, வெள்ளிக்கிழமை இறைச்சியை மட்டும் விடுவதா, மீனையும் விடுவதா, எந்தச் சாமி என்ன சட்டம் வைத்தது என்று வழக்காடினோம். அவருடைய தட்டு காலியாகிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் கவனித்தேன், மிஸஸ் பிரைஸின் பார்வை அந்த இரண்டாவது மீன் துண்டில் இருந்தது. மத்தியானம் தாண்டிவிட்டது, அவரும் மனிசிதானே.

"மிஸஸ் பிரைஸ், இருங்கோ. கொஞ்சம் சாப்பிடுங்கோ."

"இல்லை, உண்மையா வேண்டாம்."

"சூடா இருக்கு. ஒரு துண்டுதான். வாங்கோ, இருங்கோ."

இந்த நாட்டில் அவரை யாரும் இரண்டாம் தரம் கேட்டதில்லை போல. ஒரு நிமிஷம் தடுமாறினார். பிறகு கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, "சரி, ஒரு சின்னத் துண்டு" என்று இருந்தார். பட்டாணியோடு முழுத் துண்டையும் சாப்பிட்டார்.

வாசலில் என்னைத் தனியாக நிறுத்தினார். அந்த நேரான முதுகு இன்னும் நேரானது. "போற வீட்டிலை சாப்பிடக்கூடாது எண்டது ரூல். தெரியும்தானே?"

"ஓம்."

"நான் வரேக்கை அவர் தன்ரை சாப்பாட்டை முழுக்கச் சாப்பிட்டு முடிச்சிட்டார். வேறை ஒண்டும் நான் காணேல்லை. அவர் எங்கையும் போகத் தேவையில்லை."

அவருடைய சட்டைக் கழுத்தில் ஒரு பட்டாணி நசுங்கி ஒட்டியிருந்தது. நானும் ஒன்றும் காணவில்லை.

உள்ளே ஓடிப் போய், "ஐயா, நீங்கள் எங்கையும் போகத் தேவையில்லையாம்" என்றேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "நல்லது" என்றார். கொஞ்சம் பொறுத்து, முகத்தைக் காட்டாமலே, "நாளைக்கும் வருவியள்தானே?" என்று கேட்டார்.

போனேன். பல வருஷம் போனேன். கடைசிவரை அவர் அந்த வீட்டில்தான் இருந்தார், தன் கட்டிலில்தான் கண்ணை மூடினார். என் சொந்தத் தகப்பனுக்கு அழுதது போலத்தான் அழுதேன்.

இப்போது இந்த வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கிழவர் சாப்பிடாமல் இருந்தால், அவரைக் கெஞ்ச வேண்டாம், தலைமாட்டில் நிற்கவும் வேண்டாம். அவர் உங்களைக் கேட்டால் உடனே ஓம் சொல்லுங்கள். கேட்காவிட்டால், வெட்கத்தை விட்டு நீங்களே கேட்டு வாங்குங்கள். எத்தனை வயதானாலும் அது அவருடைய வீடு, வந்தவருக்கு ஒரு வாய் கொடுக்காமல் அவருக்கு உள்ளே இறங்காது.